துப்பிச் சம்பாதித்தவரும் ஒரு சொட்டு இரத்தமும்

என் வீட்டுக்காரர் துப்புவதற்குச் சம்பளம் வாங்கியவர். கேலிக்குச் சொல்லவில்லை, அதுதான் அவருடைய உத்தியோகம். லிந்துலைப் பக்கத்துத் தேயிலைத் தொழிற்சாலை ஒன்றில் பென்சன் வாங்கும்வரை டீமேக்கராக இருந்தார். முதல் நாள் ஆன தூளை ரக வாரியாகக் கொதிநீரில் ஊறவைத்து, வெள்ளைக் கிண்ணங்களில் வடித்து, காலையில் ஜன்னலோரமாக வரிசைப்படுத்தி வைப்பார்கள். இவர் கரண்டியில் ஒரு வாய் எடுத்து, தோட்டத்தின் அடுத்த டிவிசனுக்குக் கேட்கிற மாதிரி உறிஞ்சி, வாய்க்குள்ளேயே ஒரு சுற்றுச் சுற்றி, பக்கத்தில் இருக்கும் தொட்டியில் துப்புவார். பிறகு தீர்ப்புச் சொல்வார். தன் தீர்ப்புக்கு மனேஜர் துரை கூட மறுபேச்சுப் பேசியதில்லை என்பார். துரையைக் கேட்டிருந்தால் வேறு மாதிரிச் சொல்லியிருப்பார் என்று நான் நினைப்பதுண்டு. ஆனால் கல்யாணமான புதிதிலேயே ஒன்று புரிந்துபோயிற்று: இவர் பிடித்த முயலுக்கு மூன்றே கால்தான். நான் ஒரு பள்ளிக்கூட வாத்தியாரம்மா. எனக்கும் மறுபேச்சுப் பிடிக்காது. அப்படியும் இத்தனை வருடம் ஒரே கூரையின் கீழ் குடித்தனம் நடந்திருக்கிறது என்றால் அது இருவருடைய பெருமையும் இல்லை, வேறு போக்கிடம் இல்லாததுதான் காரணம்.

பென்சனோடு சேர்த்து அவர் வீட்டுக்குக் கொண்டுவந்தவை இரண்டு. ஒன்று, ஓரம் உடைந்ததால் தொழிற்சாலையில் கழித்துப்போட்ட சில வெள்ளைக் கிண்ணங்கள். மற்றது மூச்சிரைப்பு. சிகரெட்டும் தூளும் சேர்ந்து சுவாசக் குழாய்களைச் சுருக்கிவிட்டன, இது முற்றாகப் போகாது, அடிக்கடி சீறும், அடக்கித்தான் வைக்க வேண்டும் என்று கிளினிக்கில் சொல்லி, வாயில் வைத்து உறிஞ்சுகிற பம்ப் ஒன்றைக் கொடுத்தார்கள். உறிஞ்சுவதில் இவருக்கா பாடம் எடுப்பது என்று முதல் நாளே அந்த மிஸ்ஸோடு தகராறு. எங்கள் பக்கத்தில் ஆஸ்பத்திரி நர்ஸ்மாரையும் மிஸ் என்றுதான் கூப்பிடுவோம். உறிஞ்சியதும் துப்பக்கூடாது, மூச்சை உள்ளே பிடித்து வைத்திருக்க வேண்டும் என்று அவர் சொன்னபோது என் வீட்டுக்காரர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். ஆயுள் முழுக்கப் படித்த வித்தையைத் தலைகீழாகச் செய்யச் சொல்கிறார்களே என்று வீடு வந்து சேரும்வரை பஸ்ஸில் புலம்பினார்.

வேலை முடிந்ததும் ருசி பார்க்கத் தேநீர் இல்லை. இருந்தது சளிதான். காலையில் இருமி எடுத்ததை ஒரு வெள்ளைக் கிண்ணத்தில் துப்பி, ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே கொண்டுபோய், கண்ணைச் சுருக்கிப் பார்ப்பார். "இன்னிக்கு நெறம் இருக்கு, பிரகாசம் இல்ல" என்பார். இன்னொரு நாள், "கட்டியாத்தான் இருக்கு, ஆனா பழுப்பு வேற, மஞ்சள் வேற" என்பார். நான் அடுப்படியில் ரொட்டி தட்டிக்கொண்டிருப்பேன். அதே கிண்ணங்களில்தான் முந்திய தீபாவளிக்குப் பாயசம் ஊற்றி அக்கம்பக்கத்துக்குக் கொடுத்தேன் என்பது நினைவுக்கு வந்த அன்று ரொட்டி கருகியது. கிண்ணங்களைப் பிரித்து, அவருடையதுக்குச் சிவப்பு நூல் கட்டிவைத்தேன்.

நிறம் சரியில்லை என்று தீர்ப்பானால் அடுத்தது கெப்சூல், கிருமியைக் கொல்கிற மருந்து. எங்கள் ஊர் வழக்கம் தெரியாதவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டும். இங்கே கெப்சூல் என்பது சீனி, தேங்காய் மாதிரி. டொக்டர் ஏழு நாளைக்குக் கொடுத்தால், இரண்டு நாளில் காய்ச்சல் விட்டதும் மிச்சத்தை டின்னில் போட்டு வைத்துக்கொள்வோம். அடுத்த வீட்டில் யாராவது இருமினால் நாலு கொடுப்போம். அவர்கள் வீட்டில் மிச்சம் வரும்போது திருப்பிக் கொடுப்பார்கள். பெயர் யாருக்கும் தெரியாது, நிறந்தான் கணக்கு. சிவப்பும் கறுப்புமானது நெஞ்சுக்கு, சிவப்பும் மஞ்சளுமானது புண்ணுக்கு. வருத்தக்காரரை, அதாவது நோயாளியை, பார்க்கப் போனால் முதல் கேள்வி என்ன மருந்து கொடுத்தார்கள் என்பது. கெப்சூல் இல்லை என்றால் வைத்தியமே பார்க்கவில்லை என்று அர்த்தம், வந்தவர்கள் பரிதாபமாகத் தலையாட்டிவிட்டுப் போவார்கள். என் வீட்டுக்காரர் வருடத்தில் எத்தனை தரம் சிவப்புக் கறுப்பு விழுங்கினார் என்பது அவருக்கும் தெரியாது, அவர் துப்பிய கிண்ணத்துக்கும் தெரியாது.

ஒரு ஆடி மாதம். மலையில் காற்றும் மழையும் ஒன்றை ஒன்று துரத்திக்கொண்டிருந்தன. இவர் பின்பக்கத்துத் தாழ்வாரத்தில், ஈர விறகைப் போட்டு வெந்நீர் வைக்கிறேன் என்று புகைக்குள் குந்தியிருந்தார். உள்ளே வந்தவரால் ஒரு வசனத்தை முழுதாகச் சொல்ல முடியவில்லை. பாதிப் பேச்சில் நின்று மூச்சு வாங்கினார். உதடு நீலம் பாரித்திருந்தது. ஓட்டோவுக்குச் சொல்லிவிட்டு, சேலையை மாற்றி, கிளினிக் கொப்பியைத் தேடி எடுத்துக்கொண்டு வெளியே வந்தால், இவர் டிபன் கேரியரை மடியில் வைத்துக்கொண்டு ஓட்டோவில் உட்கார்ந்திருக்கிறார். சாகக் கிடந்தாலும் சாப்பாட்டை மறக்க மாட்டாரே இந்த மனுசன் என்று நினைத்துக்கொண்டு ஏறினேன்.

நகரத்து ஆஸ்பத்திரியில் ஒட்சிசன் கொடுத்து, புகை மாதிரி வருகிற மருந்தை மாஸ்க் வழியாகப் பிடித்து, கட்டிலில் சாய்த்து உட்கார வைத்தார்கள். பக்கத்துக் கட்டிலில் தலவாக்கலையில் துணிக்கடை வைத்திருக்கும் முஸ்லிம் ஒருவர். எல்லோரும் அவரை நானா என்றார்கள், நாங்களும் நானா என்றோம். அவருக்கும் இதே மூச்சு வருத்தந்தான். தங்கமான மனுசர். அவர் வீட்டிலிருந்து வந்த சோற்றுப் பார்சலை அவிழ்த்தபோது, என்னவரின் கேரியர் திறக்கப்படாமல் மேசையில் இருப்பதைப் பார்த்திருக்கிறார். மாஸ்க்கோடு கிடக்கிறவருக்கு நாமாவது எடுத்துக் கொடுப்போமே என்று கையில் எடுத்திருக்கிறார். இவர் பேச முடியாமல் இரண்டு கையையும் பலமாக ஆட்டியிருக்கிறார். நானா அதை, பரவாயில்லை நீங்களே சாப்பிடுங்க என்கிற உபசாரமாக எடுத்துக்கொண்டார்.

இவரை வார்ட்டில் சேர்க்கிற துண்டை எழுதிக் கொடுத்துவிட்டு நான் உள்ளே நுழைந்தபோது முதல் தட்டின் மூடி திறந்திருந்தது. உள்ளே சிவப்பு நூல் கட்டிய கிண்ணம். அடுத்த தட்டிலும் ஒன்று இருந்தது, அதற்கடுத்த தட்டிலும் ஒன்று. அன்றைக்கு, நேற்றைக்கு, முந்தாநாளைக்கு என்று இவர் மாதிரி எடுத்துக்கொண்டு வந்திருக்கிறார், தொழிற்சாலையிலிருந்து கொழும்புக்கு அனுப்புகிற மாதிரி. நானா குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். முகத்தில் ஈயாடவில்லை. ஆனாலும் மரியாதை விடாமல் என்னைப் பார்த்து, "டீச்சர், இது என்ன கறிங்க?" என்று கேட்டார்.

பூமி பிளந்து என்னை விழுங்கியிருக்கலாம். பிளக்கவில்லை. மலைநாட்டில் சும்மா மழைக்கெல்லாம் மண் சரிகிறது, வேண்டிய நேரத்தில் ஒரு பிடி நகராது.

பிறகு டொக்டர் வந்தார். சிங்களப் பெண்பிள்ளை, என்னிடம் படித்த கடைசி வகுப்புப் பிள்ளைகளைவிட நாலைந்து வயதுதான் கூட இருக்கும். இவருக்குச் சிங்களம் நன்றாக வரும், மாஸ்க்கை எடுத்ததும் அந்த மொழியில்தான் வாதம். விரல் நுனியில் குத்தி ஒரு சொட்டு இரத்தம் எடுத்தார்கள். சி.ஆர்.பி. என்று ஒரு பரிசோதனையாம். கொஞ்ச நேரத்தில் முடிவு வந்தது. ஆறு. எக்ஸ்ரேயும் சுத்தம். டொக்டர் சந்தோசமாகச் சொன்னார்: கெப்சூல் தேவையில்லை, புகையும் குளிரும் மூக்கொழுகுகிற தடிமனும் குழாய்களை இறுக்கியிருக்கின்றன, அதை இளக்குகிற மருந்து போதும், நாளைக்கும் ஒருதரம் இரத்தம் பார்ப்போம்.

என்னவர் கேரியரைச் சுட்டிக்காட்டினார். நிறத்தைப் பார்க்கச் சொன்னார். அந்தப் பிள்ளை முகம் சுளிக்காமல் பார்த்தது. அதற்காகவே அதன் காலைத் தொட்டுக் கும்பிடலாம். நிறத்தையும் நாங்கள் பார்ப்போம், ஆனால் நிறம் மட்டும் சில நேரம் ஏமாற்றிவிடும் என்றது. கனமான கிருமி உள்ளே வந்தால் உடம்பு தானே அடுப்பு மூட்டும், அந்த அடுப்பு எவ்வளவு எரிகிறது என்பதைத்தான் இந்த எண் காட்டுகிறது, உங்கள் உடம்பு இன்னும் அடுப்பே மூட்டவில்லை என்றது. என் பக்கம் திரும்பி, வீட்டில் அடிக்கடி அந்த மருந்து எடுப்பாரா என்று கேட்டது. டின் கதையைச் சொன்னேன். அது சிரிக்கவில்லை. வேண்டாத நேரமெல்லாம் கொடுத்தால் கிருமிகள் அந்த மருந்துக்குப் பழகிவிடும், இந்த நெஞ்சுக்கு ஒருநாள் நிஜமாகவே அது தேவைப்படும், அன்றைக்கு அது வேலை செய்யாமல் போகலாம் என்று மெதுவாகச் சொன்னது. எனக்குச் சுருக்கென்றது. இவருக்கு ஒன்றும் உறைக்கவில்லை. ஆறு என்ற எண்ணிலேயே நின்றுகொண்டிருந்தார்.

காரணம், நானாவின் எண் நூறுக்கு மேல். நானாவுக்குக் கையில் ஊசி குத்தி, போத்தல் போத்தலாக மருந்து ஏற்றினார்கள். மிஸ்மார் அந்தக் கட்டிலுக்கு அடிக்கடி வந்துபோனார்கள். நானாவைப் பார்க்க வந்தவர்கள் போத்தலை அண்ணாந்து பார்த்துத் திருப்திப்பட்டார்கள். எங்களுக்கு வந்தவர்கள் இவரைச் சுற்றிப் பார்த்தார்கள், தொங்குவதாகவோ விழுங்குவதாகவோ சொல்லிக்கொள்கிற மாதிரி எதையும் காணோம். பரீட்சையில் பக்கத்து வீட்டுப் பையன் நூறு வாங்கி, நம் பையன் ஆறு வாங்கினால் எப்படியிருக்கும், அப்படி இருந்தது. "ஆறுதாங்க எடுத்தாரு" என்று நானே ஒருத்தியிடம் வாய்தவறிச் சொல்லிவிட்டேன். அவளும், "அடுத்த தடவ பாப்போங்க" என்று ஆறுதல் சொன்னாள்.

பொகவந்தலாவையிலிருந்து என் நாத்தனார் பஸ் ஏறி வந்தார். தம்பிக்குக் கெப்சூல் இல்லை என்றதும் கண்ணில் நீர் கொட்டியது. ஆளைக் கைவிட்டுவிட்டார்கள் என்றே முடிவுகட்டிவிட்டார். கோயிலில் அர்ச்சனை செய்து கொண்டுவந்த விபூதிப் பொட்டலத்தைத் தம்பியின் தலையணைக்கடியில் வைத்து, நெற்றியில் பூசி, நேரம் பார்த்து வாயிலும் கொஞ்சம் போட்டுக்கொள்ளச் சொன்னார். வாயில் போடச் சொன்னபோதுதான் எனக்குச் சந்தேகம் தட்டியது. எடுத்துப் பார்த்தால் விபூதிக்குள் சிவப்பும் கறுப்புமாக ஒரு கைப்பிடி. எள்ளும் கொள்ளும் வெடிக்கிற முகத்தோடு நாங்கள் இருவரும் கட்டிலின் இரண்டு பக்கமும் நின்று, சத்தம் வெளியே வராமல் சண்டை பிடித்தோம். நான் கொடுக்க மாட்டேன் என்றேன். நீ என் தம்பியைக் கொல்லப்போகிறாய் என்றார். டொக்டர் சொன்னது அவர் காதில் ஏறவில்லை, என் நெஞ்சிலோ அது முள்ளாகக் குத்திக்கொண்டிருந்தது. கடைசியில் கெப்சூல்களை நானே மிஸ்ஸிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் வாங்கித் தட்டில் கொட்டி, விபூதியைத் தட்டிவிட்டு, என்னையும் ஒருமுறை பார்த்துவிட்டுப் போனார்.

மறுநாள் எண் இன்னும் குறைந்துதான் இருந்தது. மூச்சும் படிப்படியாக இறங்கி ஒழுங்குக்கு வந்தது. கெப்சூல் ஒன்றுகூட உள்ளே போகவில்லை. நானாவும் தேறிவிட்டார். வீட்டுக்குக் கிளம்பும்போது, இனிமேல் யார் வீட்டுக் கேரியரையும் திறக்க மாட்டேன் என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டுப் போனார்.

வீட்டுக்கு வந்ததும் நான் செய்த முதல் வேலை, அந்த டின்னைக் கொண்டுபோய் ஆஸ்பத்திரிப் பாமசியில் ஒப்படைத்தது. இரண்டாவது வேலை, இவர் வாயை அடக்கப் பார்த்தது. அது முடியவில்லை. பழைய மதம் விட்டவன் புது மதத்தில் எப்படிக் குதிப்பான் என்று பார்த்திருக்கிறீர்களா? கெப்சூல் கேட்டு வந்தவர்களை வாசலிலேயே நிறுத்தி, "ஒங்க நம்பர் என்னா?" என்று கேட்டார். சலூனில் கேட்டார், பஸ்ஸில் கேட்டார். வயிற்றுவலி என்று வந்த கோயில் கமிட்டிக்காரரிடமும் கேட்டார், அவர் போன் நம்பரைச் சொல்லிவிட்டுப் போனார். தன்னுடைய ஆறை ஊரெல்லாம் சொல்லிப் பெருமைப்பட்டார். சுத்தமான உடம்பு, கிருமி கிட்ட வராது, டொக்டரே சொல்லிவிட்டார் என்றார். டொக்டர் அப்படிச் சொல்லவில்லை என்று நான் சொன்னால், டீச்சருக்குச் சிங்களம் அரைகுறைதானே என்பார்.

தை மாதம், புல்லில் உறைபனி விழுகிற நாட்களில், ஒருநாள் காலையில் கிண்ணத்தைக் கொண்டுவந்து என் மூக்குக்கு நேரே நீட்டினார். "பாரு, வெள்ளவெளேர்னு. இதுக்கு மேல ஒரு கிரேடு கெடையாது" என்றார். உண்மைதான், நிறம் ஒன்றுமில்லை. ஆனால் கொஞ்சந்தான் இருந்தது, மிச்சம் வெளியே வரவில்லை. அன்று பொங்கலில் மிச்சமிருந்த வெல்லத்தைக் கூடத் தொடவில்லை. மத்தியானம் உடம்பு தணலாகச் சுட்டது. நான் வைத்த சாம்பாரைக் குறை சொல்லவில்லை. ரேடியோவை மூடினேன், ஏன் என்று கேட்கவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றதற்கு, கிரேடு நல்லாயிருக்கே என்று ஒரே ஒரு தரம் முனகிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். என்னோடு சண்டை பிடிக்காமல் இந்த மனுசன் படுத்துக் கிடந்ததைக் கண்டதும்தான் ஓட்டோவுக்குச் சொல்லி அனுப்பினேன். வாயில் வந்ததையெல்லாம் சொல்லித் திட்டி, அரைவாசி தூக்கி, அரைவாசி இழுத்து ஓட்டோவில் ஏற்றினேன்.

அதே பிள்ளைதான் டொக்டர். விரலில் குத்தினார்கள், படம் பிடித்தார்கள். எண்ணைக் கேட்டபோது அந்தப் பிள்ளை முதலில் என்னைத்தான் பார்த்தது. நானாவுடையதைவிடப் பெரிய எண். நுரையீரலின் அடியில் கிருமி இறங்கிவிட்டது, சளி அங்கேயே தங்கியதால்தான் கிண்ணத்தில் ஒன்றும் தெரியவில்லை என்றது. உடனே கையில் ஊசி ஏற்றி, போத்தல் தொங்கவிட்டார்கள். மிஸ்மார் அடிக்கடி வந்தார்கள். முன்பு ஏங்கிக் கிடந்த அத்தனையும் இப்போது இவரைத் தேடி வந்தன.

இவர் அண்ணாந்து போத்தலைப் பார்த்தார். பிறகு டொக்டரிடம், இரத்தம் மாறியிருக்குமோ, பக்கத்துக் கட்டிலில் உள்ளவருடையதாக இருக்குமோ என்று சிங்களத்தில் கேட்டார். பக்கத்துக் கட்டிலில் யாருமே இல்லை. டொக்டர் போன பிறகு என் பக்கம் திரும்பி, ஏதோ துக்கச் செய்தி சொல்கிற மாதிரி, "டீச்சர், எனக்கு மருந்து குடுத்துட்டாங்க" என்றார்.

எனக்கு அழுகையும் வந்தது, ஆத்திரமும் வந்தது. சும்மா இருந்த நெஞ்சுக்கு எத்தனை வருடம் எத்தனை கெப்சூலைக் கொட்டினோம். இந்த மருந்துக்குக் கிருமி பழகியிருக்குமோ, கேட்குமோ கேட்காதோ என்பது டொக்டருக்கும் தெரியாது. இரண்டு நாள் பொறுத்து இரத்தம் பார்த்தால்தான் தெரியும் என்றது. அந்த இரண்டு நாளும் எனக்கு எந்தச் சாமி பெயரும் ஒழுங்காக நாக்கில் வரவில்லை. வாய்க்குள் ஒரு எண்ணைத்தான், அது குறைய வேண்டும், குறைய வேண்டும் என்று முணுமுணுத்துக்கொண்டிருந்தேன். நாத்தனார் வந்து போத்தலைப் பார்த்து, இப்போதாவது ஒழுங்காகக் கவனிக்கிறார்களே என்று மனம் நிறைந்து போனார். அவரோடு சண்டை பிடிக்க எனக்குத் தெம்பில்லை. தலையை மட்டும் ஆட்டினேன்.

மறுபடியும் விரலில் குத்திய அன்று, வெயில் ஜன்னல் வழியாகக் கட்டிலில் விழுந்திருந்தது. டொக்டர் தாளோடு வந்தது. பாதிக்கும் கீழே இறங்கியிருந்தது. மருந்து பிடித்திருக்கிறது, இனிப் பயமில்லை என்றது. இவர் எண்ணைக் கேட்டு வாங்கி, விரல் விட்டுக் கழித்துப் பார்த்தார். ஊரெல்லாம் எண் கேட்டுத் திரிந்த மனுசர், அந்தப் பிள்ளையிடம் இரண்டு கையையும் கூப்பி, "இன்னுங் கொஞ்சம் கொறச்சுப் போட்டுத் தர முடியுங்களா, டொக்டர் மிஸ்?" என்றார். அவசரத்தில் தமிழிலேயே கேட்டுவிட்டார். ஆனாலும் அந்தப் பிள்ளைக்குப் புரிந்தது. நாளைக்கு உங்கள் உடம்பே குறைத்துத் தரும் என்று சிரித்துவிட்டுப் போனது.

நான் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டேன். இவர் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பயந்துட்டியா?"

இத்தனை வருடத்தில் இவருக்கு நான் எதையும் சுலபமாக ஒப்புக்கொண்டதில்லை. அன்றைக்கு, "ஆமாங்க, ரொம்பப் பயந்துட்டேன்" என்றேன்.

ஏதாவது கேலியாகச் சொல்வார் என்று எதிர்பார்த்தேன். சொல்லவில்லை. ஊசி ஏறியிருந்த கையால் என் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டு, "நானுந்தான்" என்றார்.